கதக் ஸ்டேஷனில் படி இருக்குமா

படி இருக்கும். இல்லாமல் எப்படிப் போகும். ரெண்டு பிளாட்பாரம் இருக்கிற எந்த ஸ்டேஷனிலும் நடுவில் ஒரு பாலமும், ஏற ஒரு படியும் இறங்க ஒரு படியும் இருக்கத்தான் செய்யும், தென்காசியில் இல்லையா, விருதுநகரில் இல்லையா, கதக்கில் மட்டும் இல்லாமல் போய்விடுமா. கேள்வி அதுவல்ல. ரயில் எந்தப் பிளாட்பாரத்தில் போய் நிற்கும் என்பதுதான் கேள்வி. வெளிவாசல் இருக்கிற பக்கமே நின்றுவிட்டால் படியே ஏற வேண்டாம், இறங்கி, இவர் கையைப் பிடித்து மெல்ல நடத்தி, வாசலில் ஆட்டோ. எதிர்ப்பக்கம் நின்றுவிட்டால்? சாப்பிட்டுவிட்டு மேலே வரும்போது லாட்ஜ் ரிசப்ஷனில் இருக்கிறவரிடம் கேட்டேன். சேலத்தில் கொஞ்ச காலம் வேலை பார்த்தவராம், தமிழ் ஒருமாதிரி வரும். "கதக்கா? ஒரு நாள் இந்தக் கடை நிக்கும், ஒரு நாள் அந்தக் கடை நிக்கும்மா" என்றார். ஸ்டேஷனில் எத்தனை கடை இருந்தால் எனக்கென்ன என்று ஒரு நிமிஷம் முழித்தேன். அவர் பாஷையில் கடை என்றால் பக்கமாம். கதக் என்றால் ஏதோ வடக்கத்தி டான்ஸ் என்றுதான் முந்தாநாள் வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தவள் நான். இப்போது அந்த ஊர் ஸ்டேஷன் படிக்கட்டை, பார்க்காத படிக்கட்டை, இந்த ஹொசபேட்டை லாட்ஜ் அறையில் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மனசுக்குள் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன். முட்டி வலிக்கிறது. நிஜமாகவே வலிக்கிறது, காலையில் ஹம்பியில் நடந்த வலி. கட்டிலில் இவர் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்குகிறாரோ என்னவோ. தூங்கினால் கை ஆடாது, சும்மா கண்ணை மூடியிருந்தால் ஆடும், கை அந்தப் பக்கம் இருப்பதால் தெரியவில்லை. வராண்டாவில் யாரோ ஈரச் சேலையை உதறுகிற சத்தம். எங்கள் டூர்க்காரர்கள்தான். எந்த ஊருக்குப் போனாலும் முதல் வேலையாகத் துணியைத் துவைத்து வராண்டாவில் காயப்போட்டுவிடுவார்கள், லாட்ஜ்காரன் திட்டுவான், எடுப்பார்கள், மறுபடி போடுவார்கள். நாளைக்கு எல்லோரும் டேம் பார்க்கப் போகிறார்கள், அணையும் பூங்காவும். நாங்கள் போகவில்லை. நாங்கள் பாதாமி போகிறோம். போகிறோமா? ரயிலில் கதக், கதக்கில் இறங்கி பஸ்ஸில் பாதாமி, சாயங்காலம் அதே மாதிரி திரும்பி. சொல்லும்போது எவ்வளவு லேசாக இருக்கிறது.

முதலில் காலையில் எழுப்ப வேண்டும். எழுப்பினால் உடனே எழும்ப முடியாது, உடம்பு பலகை மாதிரி இருக்கும், முதல் மாத்திரையைப் படுக்கையிலேயே கொடுத்து அது வேலை செய்கிறவரை காத்திருக்க வேண்டும். பிறகு பாத்ரூம். பிறகு சட்டை. பட்டன் நான்தான் போட வேண்டும், அவர் போட்டால் ரயில் போய்விடும். ஸ்டேஷனுக்கு ஆட்டோ, அது பக்கம்தான். ரயிலில் ஏறுவது பயமில்லை, ஏற முடியாவிட்டால் ஏறாமல் இருந்துவிடலாம், ரயில் போனால் போகட்டும் என்று திரும்பி லாட்ஜுக்கு வந்துவிடலாம். இறங்குவதுதான். இறங்கித்தான் ஆக வேண்டும். கதக்கில் எவ்வளவு நேரம் நிற்கும்? பெரிய ஸ்டேஷன் என்றால் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். ஆனால் வாசலுக்கு வந்ததும் இவர் கால் ஒட்டிக்கொண்டுவிட்டால்? வாசல் என்றாலே ஒட்டிக்கொள்கிறது. வீட்டு நிலைப்படி, கோயில் நிலைப்படி, லிஃப்ட் கதவு, தரையில் ஒரு கோடு மாறினால் போதும், பசை போட்ட மாதிரி ரெண்டு பாதமும் நின்றுவிடும், உடம்பு மட்டும் முன்னால் போகும். நான் பக்கத்தில் நின்று "ம், ஒண்ணு, ரெண்டு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் சில சமயம் கால் வரும். பின்னால் இருக்கிறவன் பொறுப்பானா, முன்பதிவில்லாத பெட்டியில், மூட்டையும் முடிச்சுமாக? கீழே ஏறக் காத்திருக்கிறவன் பொறுப்பானா? நான் முதலில் இறங்கி நின்று இவரை இறக்குவதா, இவரை முதலில் இறக்கிவிட்டு நான் இறங்குவதா? நான் முதலில் இறங்கினால் இவர் மேலே தனியாக நிற்பார், ரயில் புறப்பட்டுவிட்டால் இவர் உள்ளே, நான் வெளியே. இவரை முதலில் இறக்கினால் பிடிக்கக் கீழே ஆள் இல்லை, விழுவார், அந்த இடுக்கில். அந்த இடுக்கு. ரயிலுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே இருட்டாக ஒரு கை அகலம். வேண்டாம், அதை நினைக்க வேண்டாம். இறங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். இறங்கி ஆட்டோவும் பிடித்தாயிற்று. பஸ் ஸ்டாண்டில் பஸ் படி எவ்வளவு உயரம் இருக்கும்? நம்ம ஊர் டவுன் பஸ்ஸே இப்போது இவருக்கு மலையாக இருக்கிறது. வழியில் ஒன்றுக்கு வந்தால்? வரும். ஏறி உட்கார்ந்ததும் வரும். கண்டக்டரிடம் என்ன பாஷையில் சொல்ல, நிறுத்து என்பதற்கு என்ன வார்த்தை, ரிசப்ஷன்காரரிடம் அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதாமியில் குகைக்கெல்லாம் படி ஏற வேண்டுமாம், அது தெரிந்த சங்கதி, அது வேண்டவே வேண்டாம் என்று முதலிலேயே தள்ளிவிட்டேன். கீழே ஏரிக்கரை இருக்கிறது, கரையில் உட்கார்ந்து மேலே பார்த்தாலே மலை தெரியுமாம், அது போதும். ஏரிக்கரைக்குப் போகப் படி இருக்குமா?

காலையில் ஹம்பி கோயிலில் நடந்ததுபோல நடந்துவிடக் கூடாது. கோபுர வாசலில் கல் நிலைப்படி, அகலமாக, லட்சம் பேர் மிதித்து வழுவழு என்று. அதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். டூர்க்காரர்களில் பாதிப் பேர் உள்ளே போய்விட்டார்கள், பாதிப் பேர் எங்களுக்குப் பின்னால். ஒண்ணு ரெண்டு என்றேன், வரவில்லை. மூணு என்றேன். மூணு என்று நான் எப்போதும் சொன்னதில்லை, அதனாலேயே அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒரு சின்னச் சிரிப்பு வந்த மாதிரி இருந்தது, இப்போதெல்லாம் முகத்தில் சிரிப்பு வருவதும் போவதும் தெரிவதில்லை. பின்னால் நின்ற ராஜபாளையத்து அம்மா "பாவம்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். என்னைச் சொன்னாளா இவரைச் சொன்னாளா என்பதுதான் அப்போதிலிருந்து தொண்டையில் முள் மாதிரி நிற்கிறது. பாவம். இவர் பாவம் என்றால் எனக்குக் கோபம், நான் பாவம் என்றால் அதைவிடக் கோபம். அப்புறம் டூர் மேனேஜர் எட்வின் ஓடி வந்து மறுபக்கம் தோளைப் பிடித்து, "சார், சும்மா ஒரு எட்டு, ஒரே எட்டு" என்று கிட்டத்தட்ட தூக்கி உள்ளே வைத்தார். தங்கமான மனுஷன், நாகர்கோவில் பக்கம், முப்பது நாற்பது பேரைக் கட்டி மேய்க்கிறவர், முகம் சுளிக்காமல் பேசுவார். ஆனால் சாப்பாட்டுக் கூடத்தில் நான் பாதாமி என்றதும் அவர் கையிலிருந்த சாம்பார்க் கரண்டி அப்படியே நின்றுவிட்டது. "அம்மா, சாரை வச்சுக்கிட்டா? தனியாவா? பாஷை தெரியாத ஊரு. எங்கயாவது விழுந்தா நான் என்னன்னு உங்க மகளுக்குப் பதில் சொல்ல?" என்றார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் எங்கள் ஆட்களுக்கு அவர் தானே பரிமாறுவார், யாரையும் நம்புவதில்லை. "டேமுக்கு வாங்கம்மா. பாட்டு போட்டா தண்ணி ஆடும், ஜோரா இருக்கும், சாரும் உக்காந்த இடத்துல பாக்கலாம்." உட்கார்ந்த இடத்தில். உட்கார்ந்த இடத்தில் பார்ப்பதற்கு நான் தென்காசியிலேயே இருந்திருக்க மாட்டேனா. "இல்ல தம்பி, போயிட்டு வந்துருவோம்" என்றேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து மோர்ச்சாதத்தை ஸ்பூனில் எடுத்துக்கொண்டிருந்தார். மோர்ச்சாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த மனுஷன் எத்தனை பஸ் ஏறியிருப்பார். குற்றாலிங்கம் என்றால் மதுரைக்குத் தெற்கே மருந்துக்கடைக்காரர் எல்லோருக்கும் தெரியும், மருந்துக் கம்பெனி ரெப், டை கட்டி, கறுப்புத் தோல்பை வைத்து. திங்கள்கிழமை காலையில் போனால் சனிக்கிழமை ராத்திரிதான். சாத்தூரில் இறங்கி அருப்புக்கோட்டை பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ராமநாதபுரம், ஓடுகிற பஸ்ஸில் தாவி ஏறுகிறவர், இறங்குகிறவர், ஸ்டாப்பில் பஸ் நின்றபின் இறங்கினால் மானக்கேடு என்று நினைக்கிற வயசு. நான் எந்த ஊரையும் பார்த்ததில்லை, ஊர்ப் பெயர்கள் மட்டும் தெரியும். மகள் சிவகாமிக்குக் காய்ச்சல் என்றால் நான், பள்ளிக்கூடம் என்றால் நான், இவருடைய அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான். அதைக் குறையாகச் சொல்லவில்லை, அப்படித்தான் இருந்தது. முதல் தடவை கை ஆடியதைப் பார்த்தது இவரில்லை, நான். பேப்பர் படித்துக்கொண்டிருந்தார், பேப்பர் ஓரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. ஃபேனை நிறுத்திப் பார்த்தேன். அப்போதும் அடித்தது. நான் சொல்லவில்லை. ரொம்ப நாள் சொல்லவில்லை, சொல்லாவிட்டால் நின்றுவிடும் என்பதுபோல. பிறகு திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டர், இவர் முன்னே சாம்பிள் மருந்தோடு வாசலில் மணிக்கணக்காகக் காத்துக்கிடந்த அதே டாக்டர், அதே பெஞ்சு. உள்ளே போனதும் டாக்டர் "வாங்க குற்றாலிங்கம், என்ன புது மருந்து?" என்று கேட்டுவிட்டார் பழக்கதோஷத்தில். இவர் சிரித்தார். நாங்கள் மூன்று பேருமே சிரித்தோம். இனி என்ன ஆகும் என்று டாக்டர் சொன்னதில் பாதிதான் எனக்குப் புரிந்தது, இவருக்கு முழுக்கப் புரிந்திருக்கும், அந்த மருந்துகளின் பெயரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிறவர் ஆயிற்றே. அடுத்த வருஷம் இந்த அளவுக்கு நடப்பாரா? விழுங்குவது சிரமமாகும் என்று டாக்டர் கொடுத்த தாளில் ஒரு இடத்தில் போட்டிருந்தது, அதைப் படித்துவிட்டு அன்றைக்கு ரசம் வைத்தேன், ஏன் ரசம் வைத்தேன் என்று எனக்கே தெரியாது, குழந்தைக்கு வைக்கிற மாதிரி மிளகு குறைத்து வைத்தேன். "உப்புச்சப்பில்லாம என்னட்டி இது" என்றார். அதனால்தான் இந்த வருஷமே போக வேண்டும். இந்த டூர், இந்தப் பக்கம், இவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டு. இன்னொரு தடவை யார் வரப்போகிறார்கள்.

சிவகாமி கோயம்புத்தூரிலிருந்து போனில், "அம்மா, பஸ்ல ஏத்துறது இறக்குறது எல்லாத்தையும் அவங்க பாத்துக்குவாங்க, நீ ரெஸ்ட் எடு" என்றாள். அவள்தான் பணம் கட்டிச் சேர்த்தாள். ரெஸ்ட். பகலில் நான் கண் அசருவதில்லை. ஒருநாள் மத்தியானம் அசந்தேன், இவர் பாத்ரூமில் விழுந்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார், குரல் முன்னே மாதிரி இல்லை, உள்ளுக்குள் போய்விட்டது, பக்கத்து அறைக்குக்கூட வராது. எழுந்து போய்ப் பார்த்தபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாளியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, ஏதோ குளிக்க உட்கார்ந்த மாதிரி. "ஒண்ணுமில்ல, சும்மாதான் இருக்கேன்" என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் என்பது ஒரு காதைத் திறந்து வைத்துக்கொண்டு படுப்பது. இப்போதும் பார், அவர் மூச்சு ஒரு பக்கம், வராண்டா சத்தம் ஒரு பக்கம், கீழே ரோட்டில் லாரி ஹாரன், எல்லாம் தனித்தனியாகக் கேட்கிறது. இந்த நாற்காலியில் அப்படியே தலையைச் சாய்த்தால் போதும். வேண்டாம். கதக். இறங்குவது. பிளாட்பாரத்தில் நிற்கிற யாரையாவது கூப்பிடலாம், கையை நீட்டினால் புரியாதா, மனுஷர்கள்தானே. ரயில் நிற்கும் முன்னாலேயே இவரை வாசலுக்குக் கூட்டிவந்து நிறுத்திவிட்டால்? ஓடுகிற ரயில் வாசலில் இவரை நிறுத்துவதா, கடவுளே. உட்கார வைத்தே இருந்து நின்றதும் கிளப்பினால் நேரம் போதாது. இப்படியும் இல்லை, அப்படியும் இல்லை. எட்வின் சொல்வதுதான் சரியோ. எட்வின் சரி, சிவகாமி சரி, ராஜபாளையத்து அம்மா சரி, எல்லோரும் சரி. ஆனால் இவர் கேட்டாரே. டூர் நோட்டீஸ் வந்த அன்றைக்கு, ஊர்ப் பெயரெல்லாம் நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "பாதாமி இல்லையா?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். இவர் இப்போது ஒரு வாக்கியத்தைப் பேசுவதற்கு எவ்வளவு கஷ்டப்படுகிறார், அதில் பாதாமி இல்லையா என்று ஒரு வாக்கியத்தைச் செலவழித்தார் என்றால் அது எவ்வளவு ஆசையாக இருக்கும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இந்தப் பாலமெல்லாம் ஏறி இறங்குகிறேன். உடம்பு அசதியாக இருக்கிறது. கண்ணுக்குள் மணல் மாதிரி இருக்கிறது. படி இருந்தால் பத்துப் படிக்கு ஒரு தடவை நிறுத்தி

"ஏட்டி. செண்பகம்."

சுவரைப் பார்த்தபடியேதான். தூங்கவில்லை. எழுந்து போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன், குனிந்தால்தான் கேட்கும்.

"என்ன? தண்ணி வேணுமா? பாத்ரூம் போணுமா?"

"ஒண்ணும் வேண்டாம். நீ முணுமுணுன்னு படி படிங்கியே, அது என்ன?"

வாய்விட்டா சொல்லிக்கொண்டிருந்தேன்? எவ்வளவு நேரமாக? "நாளைக்குத்தான். கதக்ல இறங்குறது எப்படின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

அவர் பேசுவதற்கு முன்னால் எப்போதும் ஒரு இடைவெளி வரும், சொல் உள்ளேயிருந்து நடந்து வர வேண்டும். பிறகு புரண்டார். புரள்வதற்கு நான் கை கொடுக்கப் போனேன், வேண்டாம் என்று தலையசைத்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்து, ஒரு பக்கம், இன்னொரு பக்கம், என்னைப் பார்த்துத் திரும்பினார்.

"நான் வரல."

"என்னது?"

"பாதாமிக்கு. நான் வரலட்டி. நீ போயிட்டு வா."

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "நான் போயி என்ன செய்ய? நீங்கதானே கேட்டீங்க. பாதாமி இல்லையான்னு. அதுக்காகத்தானே."

"உனக்காகத்தான் கேட்டேன்." நிறுத்தினார். எச்சிலை விழுங்கினார். "எனக்கு எதுக்கு பாதாமி? கம்பெனியில ஒரு வருஷம் காலண்டர் குடுத்தான். மாசத்துக்கு ஒரு ஊரு படம். அதுல ஆகஸ்ட்டுக்கு, செவப்பு மலையும் பச்சைத் தண்ணியும். அடுக்களையில மாட்டுன. வருஷம் முடியற வரைக்கும் அந்தத் தாளைத் திருப்பவே விடலியே நீ. டிசம்பர் மாசம் நான் தேதி பாக்க வந்தா, ஆகஸ்ட்டுல நிக்குது. கேட்டா, கிடக்கட்டும்னு சொன்ன."

நானா? ஆமாம். அம்மிக்கு மேலே. ஆணியில். புகை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் மஞ்சளாகி, ஆனால் அந்தத் தண்ணீர் மட்டும் பச்சையாகவே இருந்தது. தேங்காய் அரைக்கும்போது தலையை நிமிர்த்தினால் அதுதான். சிவகாமி வயிற்றில் இருந்த வருஷம் அது, குமட்டல் வரும்போதெல்லாம் அந்தப் பச்சைத் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன், குளிர்ந்த மாதிரி இருக்கும். கீழே ஊர்ப் பெயர் போட்டிருந்தது. வாதாபி என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, பல்லவ ராஜா படையெடுத்துப் போனான் என்று, அது இதுதான் என்று அவர்தான் எனக்குச் சொன்னார். அதற்கப்புறம் அதை நான் மறந்தேபோனேன். மறந்தேபோனேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவர் கேட்ட ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எப்படித் தொங்கியிருக்கிறேன். இவருக்கு ஆசை, இவருக்கு ஆசை என்று எட்வினிடமும் மகளிடமும் ரிசப்ஷன்காரரிடமும் சொல்லி, அவரைத் தூக்கிக்கொண்டு, அவருடைய பெயரில். எனக்கு வேண்டும் என்று ஒரு தடவைகூட எனக்கு வாயில் வரவில்லை. மனசில்கூட வரவில்லை.

"அப்போ உங்களை யாரு பாத்துக்க?"

"பக்கத்து ரூம் ஜெபமணி சாரு. அவரும் டேமுக்குப் போகல, முட்டி வலியாம். சாப்பிட்டு வாரப்போ நீ ரிசப்ஷன்ல நின்னு பேசிக்கிட்டிருந்தியே, அப்போ கேட்டுட்டேன். மாத்திரைய எடுத்து வச்சுட்டுப் போ. அவரு எனக்குப் பட்டன் போட்டுவிடுதேன்னாரு."

அந்தப் பட்டன் என்று சொன்னதும் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை, சுரீர் என்றது. யாரோ ஒரு ஜெபமணி. இந்த டூரில் பார்த்த ஆள். என் புருஷன் சட்டைக்குப் பட்டன் போட அவர் யார்? அவருக்கு எப்படித் தெரியும், கழுத்துப் பட்டனை முதலில் போடக் கூடாது, கீழேயிருந்து வர வேண்டும், இல்லாவிட்டால் இவருக்கு மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும் என்று. "என்னைக் கழட்டி விடுதீங்களா?" என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. வராண்டாவில் சேலை உதறுகிற சத்தம் நின்றது. "இத்தனை நாள் பாத்துக்கிட்டேன், இப்ப நான் எடைஞ்சலா? நான் மோட்டுவளையைப் பாத்து படி எண்ணிக்கிட்டு இருக்கேன், நீங்க படுத்துக்கிட்டே ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கீங்க." அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டாலும் முகத்தில் தெரியாது. கை மட்டும் நெஞ்சுமேல் கிடந்து ஆடிக்கொண்டிருந்தது, கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் விபூதி கிள்ளுவது மாதிரி. "செண்பகம், நான் வந்தா நீ ஏரியவா பாப்ப? என் காலைத்தான் பாப்ப. இன்னைக்கு ஹம்பியில என்னத்தப் பாத்த, சொல்லு?" என்றார்.

யோசித்தேன். உண்மையாகவே யோசித்தேன், ஏதாவது ஒன்று சொல்லிவிட வேண்டும் என்று. கல்தேர் இருந்தது. எல்லோரும் அதன் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்தார்கள். அதற்கு முன்னால் தரை ஏறுமாறாக இருந்தது. சங்கீதத் தூண் இருக்கிற மண்டபம், மண்டபத்துக்குப் படி, கைப்பிடி இல்லாத படி. யானைக் கொட்டாரம், அங்கே புல்தரை, புல்தரை நல்லது, வழுக்காது. இதுதான் நான் பார்த்த ஹம்பி. ஒரு ராஜ்ஜியத்தையே தரை தரையாகப் பார்த்துவிட்டு வந்திருக்கிறேன். எழுந்து ஜன்னல் பக்கம் போனேன். எதிர்க் கட்டிடத்து மாடியில் மிளகாய் காயப்போட்டிருந்தார்கள், நீளமான, சுருக்கம் விழுந்த மிளகாய், அவ்வளவு சிவப்பு. நாளைக்கு இவர் இல்லாமல் என்று வைத்துப் பார்த்தேன். காலையில் எழுவேன். குளிப்பேன். சேலை கட்டுவேன். ஸ்டேஷனுக்குப் போவேன். ரயில் வரும், ஏறுவேன். கதக்கில் இறங்குவேன், எந்தப் பக்கம் நின்றால் என்ன, படி இருந்தால் படி, நான் ஏறிவிடுவேன், முட்டி கொஞ்சம் கடுக்கும், அவ்வளவுதான். பஸ் ஸ்டாண்டு. பஸ். பாதாமி. அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. ரெண்டு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்ட திட்டம், இவரை எடுத்துவிட்டால் ஒரு கைக்குட்டை அளவுகூட இல்லை. அந்த லேசு எனக்குச் சந்தோஷமாக இல்லை. ஏரிக்கரையில் போய் உட்கார்ந்து யாரைக் கேட்பேன், தண்ணி வேணுமா, பாத்ரூம் போணுமா என்று. எனக்கு எப்போது பசிக்கும் என்றுகூட எனக்குத் தெரியாது, இவருக்குக் கொடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதுதான் பசி. இவர் போன பிறகும் இப்படித்தான் இருக்குமோ என்று ஒரு நினைப்பு, எங்கிருந்தோ வந்து, நான் துரத்துவதற்கு முன்னால் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதைத்தான் இவர் எனக்குப் பழக்கிக் கொடுக்கிறாரோ. ஒரு நாள் போய்ப் பார், போய்த் திரும்பி வர முடிகிற ஒரு நாள். அப்படியெல்லாம் யோசிக்கிற ஆளா இவர்? இருக்கலாம். இவர் மனசுக்குள் என்ன ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாமல் ஆகிக் கொஞ்ச காலம் ஆகிறது. அல்லது, பாவம், இவருக்கும் என்னிடமிருந்து ஒரு நாள் வேண்டியிருக்கும். ஒரு நாள் யாரும் ஒண்ணு ரெண்டு சொல்லாமல். ஜெபமணி சாரோடு உட்கார்ந்து பழைய பஸ் கதை பேசிக்கொண்டு. அப்படியும் இருக்கலாம். இதை நினைத்ததும் ஏனோ கோபம் இறங்கிவிட்டது, கோபம் இறங்கியதும் அசதி ஏறியது, காலிலிருந்து மேலே, தண்ணீர் ஏறுகிற மாதிரி.

கீழே போய்விட்டு வருகிறேன் என்றேன். ரிசப்ஷன்காரர் மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்த முகத்தோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். காலை ரயிலை இன்னொரு தடவை கேட்டேன், ஸ்டேஷனுக்கு ஆட்டோ சொல்லி வைக்கச் சொன்னேன். "ரெண்டு பேருக்காம்மா? சார் உட்கார வசதியா பெரிய ஆட்டோ?" என்றார். "இல்ல. நான் மட்டும்தான். ஒரு ஆள்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார், ஏதோ சொல்ல வந்து, "பாதாமி சென்னாகிருத்தெ, ரொம்ப அழகா இருக்கும், நல்லா பாருங்க" என்றார். சோபாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த எட்வின் தலையைத் தூக்கினார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் "அம்மா" என்பார், "அம்மா" என்றால் விட்டுவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். லிஃப்டில் ஏறி மேலே வந்தேன். கதவைத் திறந்தால் கட்டில் காலி. பாத்ரூம் பக்கம் ஓடப் போனேன். அவர் ஜன்னல் ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தானாக எழுந்து, தானாக நடந்து, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில். எப்படி வந்தீங்க என்று கேட்கவில்லை. கேட்டால் ஒண்ணு ரெண்டு சொல்லிக்கிட்டு வந்தேன் என்பார், அது எனக்கு இப்போது வேண்டாம்.

"சொல்லியாச்சா?"

"சொல்லியாச்சு."

"படு. காப்பி வாரப்போ எழுப்புதேன்."

"பகல்ல எனக்குத் தூக்கம் வராது."

"சும்மா படுட்டி. நான் முழிச்சுத்தான் இருக்கேன்."

படுத்தேன். அவர் படுத்திருந்த இடம், மெத்தை இன்னும் சூடாக இருந்தது, தலையணையில் தைல வாசனை. முதுகு மெத்தையில் பட்டதும்தான் முதுகு என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. கண்ணை மூடினேன். சுவர்ப் பக்கம் திரும்பினால் அவர் தெரியமாட்டார், அதனால் ஜன்னல் பக்கமே திரும்பிப் படுத்தேன், பிறகு, சரி போகட்டும் என்று சுவர்ப் பக்கம் திரும்பினேன். ஃபேன் ஒரே சீராகச் சுற்றியது. கதக்கிலிருந்து பஸ் புறப்படுகிறது. கண்டக்டர் ஏதோ சொல்கிறார், புரியவில்லை, புரியாவிட்டால் பரவாயில்லை. வெளியே வயல், சூரியகாந்தியோ சோளமோ, என்ன போட்டிருப்பார்கள் இந்தப் பக்கம்.

"இந்தாருங்க."

"ம்."

"கதக்ல இருந்து போறப்போ மலையும் ஏரியும் எந்தப் பக்கம் வரும்? எந்தப் பக்கம் உக்காரணும்?"

வழக்கமான இடைவெளி. நான் காத்துக்கொண்டிருந்தேன். சாத்தூர் என்றால் சொல்வார், ராமநாதபுரம் என்றால் எந்த ஜன்னல், எந்த வளைவு என்று சொல்வார்.

"தெரியாதே" என்றார், ரொம்ப மெல்ல. "நான் அங்க போனதில்ல. நீதான் பாத்துட்டு வந்து சொல்லணும்."

சரி என்றேன். சொன்னேனா, சொன்னதாக நினைத்தேனா தெரியவில்லை. அவர் மூச்சு எங்கே என்று காது ஒரு தடவை தேடிப் பார்த்தது, கிடைக்கவில்லை, ஃபேன் சத்தம்தான் இருந்தது, சரி, அவர் முழித்துத்தான் இருக்கிறார். பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியது. யாரோ ஜன்னல் கண்ணாடியைத் தள்ளித் திறந்தார்கள். காற்று வந்தது.